வெறும் மிஷின்

எந்திரிக்காதீங்கண்ணே, உக்காருங்க. நான் சண்டைக்கு வரல. சத்தியமா வரல. நான் வெயிலுமுத்து, செழியனோட அப்பா. ஆமாண்ணே, அந்தச் செழியன்தான். உள்ள ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துருக்கானே ஒங்க யுவராஜு, அவன அடிச்ச பயலப் பெத்தவன்.

மொறைச்சுக்கோங்க. நாலு வார்த்தை வையிறதுன்னாலும் வைங்க, வாங்கிக்கிறேன். பத்து நிமிசம் பேசிட்டுப் போயிர்றேன். இந்தப் பையக் கீழ வைக்கவா? ஒண்ணுமில்ல, சாப்பாடுதான். அத அப்புறம் பாப்போம்.

சுத்தி வளைக்காம சொல்லிர்றேன். திங்கக்கிழமை எம்மவனுக்குப் பிளஸ் டூ பரீட்சை ஆரம்பிக்கிது. அவன் கூர்நோக்கு இல்லத்துல, அதான் அந்தச் சின்னப் பயலுக செயில்ல, உக்காந்துருக்கான். நீங்க ஸ்டேசன்ல வந்து, சின்னப் பயலுக விளையாட்டு, பேசி முடிச்சுக்கிட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்தம்மா, அந்த இன்ஸ்பெக்டரம்மா, மனசு எறங்குவாங்க. பயலும் பரீட்சை எழுதிருவான். அம்புட்டுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்துருக்கேன். நீங்களும் பிள்ளையப் பெத்தவரு, நானும் பெத்தவன். தகப்பன் மனசு தகப்பனுக்குத்தானே தெரியும்?

எம்புள்ள எப்படி வளந்த பிள்ளைன்னு தெரிஞ்சா நீங்க இப்படிக் கோவப்பட மாட்டீங்க. ரவுடிப் பய இல்லண்ணே அவன். பீடி, சிகரெட்டு, போனு, பொம்பளப் பிள்ளைக பின்னாடி போறது, எதுவும் கெடையாது. தெருவுல கேட்டுப் பாருங்க. வெயிலுமுத்து மவன் தல குனிஞ்சு போவான், தல குனிஞ்சு வருவான்னுதான் சொல்லுவாங்க.

எங்கப்பா என்னைய அடிச்சதே கெடையாது. சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு அடி, ஒரு கிள்ளு கெடையாது. நான் பத்தாவது பெயிலாகி வந்து நிக்கிறேன், அந்த மனுசன் தோள்ல கையப் போட்டு, போகுது விடுறா, வா படத்துக்குப் போவோம்னு கூட்டிட்டுப் போறாரு. எடைவேளையில முறுக்கு வேற. அந்த ஆளு மட்டும் அன்னைக்கு ரெண்டு வச்சுருந்தா நான் இன்னைக்கு ஏதாவது ஆபீசுல பேனுக்குக் கீழ உக்காந்துருப்பேன். மாவு மில்லுல தலையெல்லாம் வெள்ளையா நின்னுக்கிட்டு இருப்பேனா? அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. செத்து இத்தன வருசமாகியும் போகல. அதான் எம்புள்ளைக்கு அந்தத் துரோகத்தப் பண்ணக் கூடாதுன்னு இருந்தேன்.

எட்டாவது வரைக்கும் விட்டுட்டேன். சின்னப் பய. ஒம்பதாவது இந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டர்ட்ட போயி சொன்னேன். கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்தப் பூராம் தோல உரிச்சுருங்க சார்னு. நீங்களும் சொல்லிருப்பீங்களே? நம்ம ஊர்ல சொல்லாத தகப்பன் யாரு? அவரு சிரிச்சுக்கிட்டே, இப்பல்லாம் நாங்க அடிக்கக் கூடாது வெயிலுமுத்து, கவருமெண்டு ஆர்டர்னாரு. நீங்க அடிக்காட்டி போங்க, வீட்டுல நான் இருக்கேன்னுட்டு வந்தேன்.

மொத பரீட்சையில கணக்குல பெயிலு. மில்லுக்குள்ள கூப்பிட்டேன். அறுந்துபோன பழைய பெல்ட்டு ஒண்ணு, ஒரு மொழத்துக்கு வெட்டி ஆணியில மாட்டி வச்சுருப்பேன். மிஷின் பெல்ட்டுண்ணே, ரப்பரும் கித்தானும் சேந்தது, கனமா இருக்கும். அத எடுத்தேன். பய மொத அடிக்கே கத்துனான் பாருங்க, மாவு அரைக்க வந்த பொம்பளைக பூராம் வாசல்ல கூடிருச்சு. எனக்கு மானம் போச்சு. நம்ம பிள்ளைய நம்ம கண்டிக்கிறது ஊருக்குத் தெரியணுமா?

அன்னையிலருந்து ஒரு ஏற்பாடு வச்சேன். அடிக்கிறதுன்னா மில்லக் கதவச் சாத்திட்டு மொதல்ல மிஷினப் போட்டு விட்டுருவேன். வெறும் மிஷின். தொட்டியில ஒரு மணி தானியம் இருக்காது. ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ, வெறும் மிஷின ஓட்டக் கூடாதுண்ணே. கல்லும் கல்லும் ஒரசிக்கிரும், பொறி பறக்கும், கருகின வாடை வரும். ஆளக் கூப்பிட்டு மறுபடி கல்லுக் கொத்தணும். அது போனாப் போகுது, பிள்ள படிப்பவிட கல்லா பெருசுன்னு ஓட விட்டேன். எந்தத் தகப்பன் செய்வான்? பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டா, என்ன அண்ணே, மிஷின் ஓடுது, மாவு வாசமே வரலையேன்னு. ரிப்பேரும்மான்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. மிஷின் சத்தம் கேட்டா ரேடியோவக் கூட்டி வச்சுக்கிருவா.

சட்டையக் கழட்டச் சொல்லிருவேன். யூனிபாரம் கிழிஞ்சா வேற தைக்கணும்ல? கழட்டி, மடிச்சு, மூட்டை மேல வைக்கணும். செவத்துப் பக்கம் திரும்பி நிக்கணும். அழுகக் கூடாது. அழுதா மொதல்லருந்து ஆரம்பிப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேண்ணே, எங்கிட்டயும் ஈரம் உண்டு. மொளகா அரைச்ச அன்னைக்குத் தொட மாட்டேன். தூளு காத்துல நிக்கும், பட்ட எடத்துல பட்டா காந்தும்ல? மறுநா வச்சுக்கிருவேன்.

முடிஞ்சதும் அப்படியே விட்டுற மாட்டேன். மொகத்தக் கழுவ வச்சு, சட்டையப் போட்டு விட்டு, பஜாருக்குக் கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுப்பேன். சால்னாவ ஊத்தி, நானே பிச்சுப் போட்டு, ஊட்டியே விடுவேன். எங்கப்பா கூட எனக்கு ஊட்டுனது இல்ல. பய முழுங்க மாட்டாம முழுங்குவான். தின்னுடா, அப்பாவுக்கு யார் மேல கோவம், ஒம்மேலயா கோவம், ஒன்னோட சோம்பேறித்தனத்து மேலதானேம்பேன். தலைய ஆட்டுவான். அந்த நேரத்துல எங்களப் பாத்தீங்கன்னா ஒங்களுக்கே பொறாமையா இருக்கும்ணே.

பலன் இல்லாமலா போச்சு? பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது. போர்டுல போட்டோ ஒட்டுனாங்க. நீங்களே பாத்துருப்பீங்க, கேட்டுக்குள்ள நொழைஞ்சதும் எடது பக்கம். ஹெட்மாஸ்டரு மேடையில வச்சு என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. வெயிலுமுத்து மாதிரி அக்கறையான தகப்பன் வேணும்னு மைக்குல சொன்னாரு. எனக்கு அன்னைக்கு அழுகை வந்துருச்சு.

எம்பொண்டாட்டியா? சந்தனமாரி அவ அக்கா வீட்டுல இருக்கா. ஒரு வருசம் ஆச்சு. அது ஒரு சின்ன விசயம்ணே. பய பிளஸ் ஒன்ல கெமிஸ்ட்ரியில கம்மி எடுத்தான்னு மிஷினப் போட்டேன். இவ பின்வாசல் வழியா உள்ள பூந்து மிஷின நிறுத்தப் போறேன்னு சுவிட்சுக்குப் பதிலா பெல்ட்டுக்குள்ள கைய விட்டுட்டா. கண்ணுல தண்ணி, எது சுவிட்சுன்னு தெரியல போல. ரெண்டு வெரலு போச்சு. ஓடுற பெல்ட்டுல எவளாவது கைய விடுவாளா? படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கேன், மிஷின் கிட்ட வராதேன்னு. ரத்தம் கல்லு மேல தெறிச்சு, அத மறுநா கழுவி எடுக்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆகிருச்சு. பய அப்பயும் திரும்பலண்ணே. செவத்தப் பாத்தபடியே நின்னுக்கிட்டு இருந்தான். திரும்புன்னு நான் சொல்லலையே. அவ்ளோ கட்டுப்பாடு.

அவ ஆஸ்பத்திரியிலருந்து நேரா அக்கா வீட்டுக்குப் போயிட்டா. நீயும் வாடான்னு மவனக் கூப்புட்டா. பய போகல. அப்பாவுக்குச் சோறு யாரு பொங்குவான்னான். அதுலருந்தே தெரிஞ்சுக்கோங்க, அவனுக்கு எம்மேல எம்புட்டுப் பாசம்னு.

பிளஸ் டூ வந்தப்புறம் நான் கூப்பிடவே தேவையில்லாமப் போச்சு. மார்க்குக் கொறைஞ்சா அவனா வந்து பேப்பர மேசையில வைப்பான். அவனாக் கதவச் சாத்துவான். அவனா மிஷினப் போடுவான். சட்டைய மடிச்சு வச்சுட்டு நிப்பான். நான் அப்பத்தான் வெளிய டீக் குடிச்சுட்டு வருவேன், பாத்தா பிள்ள ரெடியா நிக்கும். எனக்கே கண்ணு கலங்கிரும்ணே. இப்படி ஒரு ஒழுக்கத்த நான் எங்கயும் பாத்தது இல்ல.

இருங்க, விசயத்துக்கு வர்றேன். நீங்க உள்ள உள்ளயே பாக்குறீங்க. ஒங்க சம்சாரம் பிள்ளைகிட்ட இருக்காங்கல்ல, இருக்கட்டும்.

சாயங்காலம் படிப்பு வகுப்புல எம்மவன் குரூப் லீடர். பத்தாவது படிக்கிற பயலுகள ஏழெட்டுப் பேரப் பிரிச்சு விட்டு, கேள்வி பதில ஒப்பிக்கச் சொல்லிக் கேக்குறது. வாத்தியாரு அங்கிட்டு உக்காந்துருப்பாரு. எம்மவன் குரூப்பு மட்டும் எப்பயும் மொதல்ல வரும். வாத்தியாருக்கே ஆச்சரியம். எப்படிடா செழியான்னு கேட்டா, அக்கறையா இருப்பேன் சார்னு சொல்லிருக்கான். அந்தக் குரூப்புலதான் ஒங்க யுவராஜு. நல்ல பய, கெட்ட பயன்னு நான் சொல்லல. படிப்பு ஏறல, அம்புட்டுத்தான்.

பயலுக இப்பத்தான் ஒவ்வொண்ணாச் சொல்றானுக. வாரா வாரம் எம்மவன் எவனாவது ஒருத்தனப் பள்ளிக்கூடத்துப் பின்னாடி மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போவானாம். டேங்குக்குத் தண்ணி எடுத்து விடுற பொறுப்பும் இவன்கிட்டத்தான், சாவி வச்சுருந்தான். மோட்டாரப் போட்டு விட்டுத்தான் கண்டிப்பானாம். எனக்குக் கேட்டதும் என்ன தோணுச்சு தெரியுமா? பரவால்ல, வெளிய மானம் போகாமச் செஞ்சுருக்கானேன்னு தோணுச்சு. சட்டையையும் கழட்டச் சொல்லிருக்கான். ஒங்க பிள்ள சட்டையப் பாத்தீங்களா நீங்க? ஒரு பொட்டு ரத்தம் இருந்துச்சா? மடிச்சு பைப்பு மேல வச்சுருந்துச்சு. வெறிபிடிச்சு அடிக்கிறவன் சட்டைய மடிச்சா வைப்பான்?

ஒங்க பிள்ள மேலயும் ஒரு தப்பு இருக்குண்ணே, கோவிச்சுக்காதீங்க. அழுதுட்டான். எம்மவன் இன்ஸ்பெக்டரம்மாட்ட சொன்னத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அழுகாதடா, அழுதா மொதல்லருந்து ஆரம்பிக்கணும்டான்னு எத்தனையோ தடவ சொன்னேன் மேடம், அவன் அழுதுக்கிட்டே இருந்தான், என்னால நிறுத்தவே முடியலன்னான். எதுக்குடா இப்படி அடிச்சன்னு அந்தம்மா கேக்குறாங்க. அவன் நல்லா வரணும்ல மேடம்னான். அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டு என்னையப் பாத்தாங்க. என்னைய எதுக்குப் பாக்கணும்? நானா அடிச்சேன்?

கை ஒடிஞ்சுருக்கு, விலாவுல ரெண்டு எலும்பு, பல்லு ரெண்டு. நான் இல்லன்னு சொல்லல. கம்பி ஒண்ணு கெடந்துருக்கு, பெல்ட்டு மாதிரி பதமா இருக்காது அது. பயலுக்கு அளவு தெரியல, அனுபவம் பத்தல. நான் டாக்டர்ட்டயே போயிக் கேட்டேன், கண்ணுக்கு ஏதும் இருக்கா சார்னு. கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னாரு. அப்பயே நெனச்சேன், எம்புள்ள நெதானம் தவறல, கண்ண விட்டுட்டுத்தான் அடிச்சுருக்கான்.

இன்னொண்ணு கேளுங்க. ஒங்களுக்கு வாச்சுமேன் சொன்னாரோ என்னமோ. அடிச்சுப் போட்டுட்டு அவன் ஓடிப் போகல. மோட்டார ஓட விட்டுட்டு, கதவக் கொண்டி போட்டுட்டு, எதுத்தாப்புல இருக்குற கடைக்குப் போயி பரோட்டா வாங்கிட்டு வந்துருக்கான். தன்னோட சைக்கிளுக்கு டியூப் மாத்த வச்சுருந்த காசு. அதுக்குள்ள டேங்கு நெறைஞ்சு வழிஞ்சு, மைதானம் பூராம் தண்ணி. மோட்டார நிறுத்த வாச்சுமேன் ஓடிவந்து கதவத் தெறந்தா, ஒங்க பிள்ள செவத்துல சாஞ்சு கெடக்கான். எம்மவன் பக்கத்துல உக்காந்து பரோட்டாவப் பிச்சு, சால்னாவுல முக்கி, வாயில வச்சு ஊட்டிக்கிட்டு இருக்கான். ஒடைஞ்ச பல்லுல ரத்தம் வழியுது, இவன் தொடைச்சு விட்டு தொடைச்சு விட்டு ஊட்டுறான். தின்னுடா, ஒம்மேல எனக்கு என்ன கோவம்டான்னு சொல்லிக்கிட்டு இருந்தானாம். வாச்சுமேன் அதப் பாத்துப் பயந்துட்டேன்னாரு. இதுல பயப்பட என்ன இருக்கு? எனக்கு அதக் கேட்டதும் நெஞ்சு நெறைஞ்சு போச்சுண்ணே. கெட்ட பிள்ள ஊட்டி விடுமா? சொல்லுங்க.

நான் சும்மா விட்டேன்னு நெனைக்காதீங்க. ஸ்டேசன்ல அந்தம்மா முன்னாடியே கைய ஓங்கிட்டேன். ஓங்கத்தான் செஞ்சேன். பய சட்டையக் கழட்டுனான், மடிச்சான், பெஞ்சு மேல வச்சான், செவத்துப் பக்கம் திரும்பி நின்னான். நான் சொல்லவே இல்ல. அவன் முதுகப் பாத்ததும் அங்க இருந்த ஏட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அந்தம்மா என்னையப் பாத்து, ஒன்னையத்தான்யா மொதல்ல உள்ள வைக்கணும்னு கத்துறாங்க. பிள்ளையப் பெத்துருந்தா தெரியும் அவங்களுக்கு.

பய எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அப்பா, மிஷினப் போடலையான்னான். ஸ்டேசன்ல ஏதுடா மிஷின்னேன்.

சரி, நான் வந்த விசயத்துக்கு ஒரு வழி சொல்றேன். கேஸு, கோர்ட்டுன்னு போனா ஒங்களுக்கும் அலைச்சல், எம்புள்ளைக்கும் வாழ்க்கை போச்சு. பதிலுக்குப் பதில் நானே தர்றேன். வார்த்தைக்குச் சொல்லல, கையோட கொண்டு வந்துருக்கேன். இந்தாங்க. இதுதான் அந்தப் பெல்ட்டு. பயந்துக்காதீங்க, புடிச்சுப் பாருங்க, புடி நல்லா வழவழன்னு இருக்கும். அவன் வெளிய வந்த அன்னைக்கு நீங்க மில்லுக்கு வாங்க. நான் மிஷினப் போட்டு விட்டுர்றேன். ஒங்க பிள்ளைக்கு என்ன விழுந்துச்சோ, ஒங்க மனசுக்கு எவ்ளோ ஆறுமோ, அவ்ளோ அடிங்க. எம்மவன் ஒரு சத்தம் போட மாட்டான், நான் ஜவாப்தாரி. நான் வெளிய நிக்கிறேன். கண்ண மட்டும் விட்டுருங்க. முடிஞ்சதும் மூணு பேரும் பஜாருக்குப் போவோம்.

ஏண்ணே இப்படி ஒதுங்குறீங்க? எதுக்கு இப்ப நீங்க அழுகுறீங்க? ஆம்பளைங்கண்ணே நம்ம.

சரி சரி, எடுத்துர்றேன். பைக்குள்ள போட்டுட்டேன், பாருங்க. இப்பவே பதில் சொல்ல வேணாம். மொதல்ல சாப்பிடுங்க. காலையிலருந்து பட்டினியா கெடந்துருப்பீங்க, மொகத்தப் பாத்தாலே தெரியுது. சூடா இருக்கு, வர்ற வழியிலதான் வாங்குனேன். ஒங்களுக்கு, ஒங்க சம்சாரத்துக்கு, பிள்ளைக்கும் சேத்துத்தான். பிள்ள நாலு நாளா வாயே தெறக்கலையாமே, நர்சம்மா சொன்னாங்க. அழுகக்கூட இல்லையாம். பாத்தீங்களா, அவனுக்கும் கட்டுப்பாடு வந்துருச்சு. இருங்க, நானே அவனுக்கு ஒரு வாய் குடுக்குறேன். ஊட்டுறது எனக்குப் பழக்கந்தான். நீங்க உக்காருங்க, கையப் புடிக்காதீங்கண்ணே, இந்தா வாசல்லதானே நிக்கிறேன். தம்பி, யுவராஜு, மாமா வந்துருக்கேன்டா. இங்க பாரு, பரோட்டா. சால்னாவப் பிரிக்கிறேன் பாரு...

அய்யோ, என்னடா? என்னடா தம்பி? அண்ணே, என்னண்ணே இது? ஏம்மா நர்சம்மா, இங்க வாங்க! நான் ஒண்ணுமே செய்யலம்மா, கிட்டக்கூடப் போகல. பரோட்டாவப் பிரிச்சேன், அம்புட்டுத்தான். கட்டுப் போட்ட கையத் தூக்கி மொகத்த மூடுறானே, கட்டில விட்டு விழப் போறான், புடிங்கம்மா. தம்பி, வெறும் பரோட்டாடா! என்னண்ணே, என்னையத் தள்ளாதீங்கண்ணே, நான் என்ன செஞ்சேன்? ஆஸ்பத்திரியே கூடிருச்சு. எதுக்கு இப்படிக் கத்துறான்?

எம்புள்ள ஒருநாளும் இப்படிக் கத்துனது கெடையாதுண்ணே.